கமெரா வாங்கப் போகிற மகளுக்கு

அன்புள்ள பிள்ளைக்கு,

இங்கு எல்லோரும் சுகம். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய விளம்பரங்களை அப்பாவும் நானும் இருந்து வடிவாகப் பார்த்தோம். போனில் சொன்னால் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்றுவிட்டுக் கடைக்காரன் காட்டுவதைத்தான் வாங்குவாய். அதுதான் எழுதுகிறேன்.

அந்த நிக்கோன் டி3500 செற் வேண்டாம். இரண்டு லென்ஸ், பை, ஸ்ராண்ட், பில்டர், துடைக்கிற துணி என்று எல்லாவற்றையும் கட்டி ஒரு விலை போட்டிருக்கிறான். கமெரா கூடாதென்று இல்லை. 2018இல் வந்தது, பாரமும் குறைவு, வீட்டுப் பிள்ளைகளையும் கோவில் தேரையும் எடுக்கிற ஆளுக்கு அது காணும். நீயோ சனி ஞாயிறுகளில் கலியாணவீடும் சாமத்தியவீடும் எடுக்கப் போவதாகச் சொல்கிறாய். டி3500இல் ஒரு மெமரி காட்தான் போடலாம். அதோடு உள்ளே போகஸ் மோட்டர் இல்லை. அலுமாரியில் இருக்கிற என்னுடைய பழைய 50 மி.மீ 1.8 'டி' லென்ஸ், தனக்குள் மோட்டர் இல்லாத பழைய வகை, அதில் பொருந்தும், படமும் விழும், ஆனால் போகஸைக் கையால்தான் திருப்பவேண்டும். உள்ளே கண்ணாடி இருக்கிற இந்த வகைக் கமெராக்களில் லென்ஸ் மாட்டுகிற வாயை நிக்கோன் 1959 தொடக்கம் மாற்றவில்லை என்பதால் எந்த லென்ஸும் எந்தக் கமெராவிலும் முழுதாக வேலை செய்யும் என்று கனபேர் நினைக்கிறார்கள். அப்படியில்லை.

பாவித்த டி7200 ஒன்று தேடு. 2015இல் வந்தது. மோட்டர் உள்ளே இருக்கிறது, இரண்டு காட் போடலாம். அதற்குப் பிறகு வந்த டி7500இல் புதுச் சங்கதிகள் இருந்தாலும் இரண்டாவது காட் இடத்தை எடுத்துவிட்டார்கள், அதனால் எனக்கு அது பிடிப்பதில்லை. "டிஎஸ்எல்ஆர் காலம் முடிஞ்சுது, மிரர்லெஸ் எடுங்கோ அக்கா" என்று உன்னோடு வேலை செய்கிற தம்பி சொன்னானாம். டிஎஸ்எல்ஆர் என்பது உள்ளே கண்ணாடி இருக்கிற இந்த வகை, மிரர்லெஸ் என்பது அந்தக் கண்ணாடி இல்லாத வகை. அவன் சொல்வது பிழையில்லை. கெனனும் நிக்கோனும் 2020க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் விடவில்லை. ஆனால் எல்லோரும் மிரர்லெஸுக்கு மாறுவதால்தான் நல்ல டிஎஸ்எல்ஆர்கள் எங்கள் கைக்கு எட்டுகிற விலைக்கு வருகின்றன. 2022இல் டொலர் ஏறியபிறகு புதுச்சாமானின் விலை உனக்குத் தெரியும்தானே. டிஎஸ்எல்ஆரில் கண்ணாடி வழியாகப் பார்ப்பதால் பற்றறியும் கனநேரம் நிற்கும்.

பாவித்ததை வாங்கப் போகும்போது உன்னுடைய காட் ஒன்றைக் கொண்டுபோ. ஒரு படம் எடுத்து, அந்த பைலை அப்படியே எனக்கு அனுப்பு. வாட்ஸ்அப்பில் படமாகப் போட்டால் உள்ளிருக்கிற விபரம் அழிந்துபோகும், ஈமெயிலில் போடு. ஷட்டர் எத்தனை தரம் அடித்திருக்கிறது என்று நிக்கோன் பைலுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும். டி7200இன் ஷட்டரை 1,50,000 தரத்துக்குச் சோதித்துத்தான் விட்டார்கள். 40,000, 50,000 ஓடியிருந்தால் பயமில்லை. பிறகு லென்ஸின் துவாரத்தைச் சின்னதாக்கி எஃப் 16இல் வைத்து வெள்ளைச் சுவர் ஒன்றை எடுத்துப் பெரிதாக்கிப் பார். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால், உள்ளே படம் விழுகிற சென்சரில் தூசி. அது துடைக்கலாம், ஆனால் விலையைக் குறைக்கச் சொல்லு. லென்ஸ் என்றால் போனில் உள்ள டோர்ச்சைப் பின்பக்கத்தால் அடித்து, முன்னால் சரிவாகப் பார். சிலந்தி வலைபோல மெல்லிய நூல் உள்ளே ஓடினால் பூஞ்சணம். எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதே.

இனி லென்ஸ். காசைப் போடுகிற இடம் இதுதான். செற்றோடு வருகிற 18-55ஐ 55இல் வைத்தால் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. இந்த எண் குறையக் குறையத் துவாரம் பெரிதாகும். 1.8 லென்ஸ் அதைவிட ஒன்பது பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அந்த வித்தியாசம் மத்தியானம் தெரியாது. விடியப்புற முகூர்த்தத்தில், ஓமப்புகைக்குள், தாலி ஏறுகிற அந்த ஒரு நிமிடத்தில் தெரியும். ஐயர் குனிவார், மாமிமார் போனை நீட்டுவார்கள், நீ எட்டிப்பார்த்து அடிக்கவேண்டும், அந்த நேரம் கை ஆடின படம் வந்தால் திரும்ப எடுக்க ஏலாது.

50 மி.மீ என்னிடம் இருக்கிறது, கொண்டுபோ. ஆனால் இந்தக் கமெராவில் சென்சர் சின்னது என்பதால் அது 75 மி.மீ மாதிரி, கிட்டவாகத்தான் காட்டும். மண்டபத்தில் நல்லது. 550 சதுர அடி வீட்டுத்திட்ட வீட்டில் பொம்பிளை உடுத்துகிற அறைக்குள் முதுகு சுவரில் முட்டிவிடும், அப்பவும் அரை ஆள்தான் விழும். அதனால் நிக்கோனின் டிஎக்ஸ், அதாவது இந்தச் சின்னச் சென்சருக்கென்று செய்த, 35 மி.மீ 1.8 ஒன்று வாங்கு. அதுவும் பாவித்ததாகக் கிடைக்கும். குடும்பப்படம், குழுப்படத்துக்கு மட்டும் அந்த 18-55 போதும், தனியாக மலிவாக எடுக்கலாம்.

லென்ஸுக்கு அடுத்தது பிளாஷ். கமெராவோடு எழும்புகிற சின்ன பிளாஷைக் கலியாணவீட்டில் திறக்காதே, முகமெல்லாம் எண்ணெய் வடிகிற மாதிரி வரும். கொடொக்ஸ் TT685 போன்ற, தலை திரும்புகிற ஒன்றை நிக்கோனுக்கானதா என்று பார்த்து எடு. பந்தலின் மேலே வெள்ளைத் துணி கட்டியிருந்தால் தலையை மேலே திருப்பி அடி, வெளிச்சம் மெத்தென்று இறங்கும். இந்த நாளில் சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாகத்தான் கட்டுகிறார்கள். அதில் அடித்தால் துணியின் நிறம் அப்படியே பொம்பிளையின் முகத்தில் விழும், பிறகு திருத்த வசதியான ரோ பைலில் எடுத்திருந்தாலும் முழுதாகத் திருத்த ஏலாது. தகரக்கூரை மண்டபம் என்றால் மேலே அடித்த வெளிச்சம் கீழே வந்து சேராது. அப்படியான இடங்களில் பிளாஷ் தலையில் ஒரு வெள்ளை மட்டையை ரப்பர்பாண்டால் கட்டிக்கொள். காசு கொடுத்து வாங்குகிற பிளாஸ்ரிக் மூடியைவிட அது நல்லாக வேலை செய்யும். சார்ஜ் பண்ணுகிற பென்டோர்ச் பற்றறி இரண்டு செற் வை.

காட் இரண்டும் நல்ல கடையில், பற்றுச்சீட்டோடு வாங்கு, போலி கனக்க வருகிறது. ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் எழுதும்படி கமெராவில் வைத்துவிடு. நான் ஏன் இந்த இரண்டாவது காட்டில் இவ்வளவு நிற்கிறேன் என்று உனக்கு விளங்கும். 2009க்கு முந்தின அல்பம் ஒன்றுகூட இல்லாத வீடுகள் எங்கள் பக்கத்தில் எத்தனை. இப்பவும் அடையாள அட்டையில் உள்ள படத்தைக் கொண்டுவந்து, அம்மாவைப் பெரிதாக்கித் தாங்கோ என்று கேட்கிறார்கள். அந்தச் சின்ன முகத்தைப் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகத்தான் வரும். ஆகவே வீட்டுக்கு வந்தவுடன் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி, வேறு இடத்தில் இன்னொன்று. அதற்கு முன் எந்தக் காட்டையும் அழிக்காதே.

யூவி பில்டர் தேவையில்லை, மலிவானது குத்துவிளக்கை இரண்டாகக் காட்டும். லென்ஸின் முன்மூடி வளையம் போதும். பை எதுவும் சரி, கமெராப் பை என்று வெளியே தெரியாததாக இருந்தால் நல்லது. தூசி ஊத ஒரு ரப்பர்ப் பந்து கட்டாயம், வாயால் ஊதாதே, எச்சில் படும். கிரவல் றோட்டில் நின்று லென்ஸ் மாற்றவும் வேண்டாம்.

சுண்டிக்குளத்துப் பூநாரைக்கு நீளமான லென்ஸ் கேட்டிருந்தாய். 70-300 ஒன்று காணும், ஆனால் இப்போதைக்கு இரவல் வாங்கிப் பார். ஆடுகிற மெல்லிய ஸ்ராண்டில் காசைக் கரைக்காதே. சின்னத் துணிப்பையில் நெல்லை நிரப்பித் தைத்துத் தருகிறேன், வாகனக் கதவில் வைத்து லென்ஸை அதன்மேல் கிடத்தினால் அசையாது.

இங்கே மாரி தொடங்கினால் தை மாதம் வரைக்கும் ஈரம் போகாது. இறுக மூடுகிற பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றும், உள்ளே ஈரப்பதம் பார்க்கிற சின்ன மீற்றரும், சிலிக்கா ஜெல்லும் வாங்கிவா. மீற்றர் 40, 50இல் நின்றால் நல்லது. ஜெல் நிறம் மாறினால் மெல்லிய நெருப்பில் வறுத்துத் திரும்பப் பாவிக்கலாம். சமைக்கிற தாச்சியில் வறுக்க விடமாட்டேன், அதற்கென்று ஒரு பழைய தாச்சி ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

டி7200 எங்காவது கிடைத்தால் முற்பணம் கொடுக்க முன் விலையைச் சொல்லு. லென்ஸுக்குக் குறைகிற காசை அப்பா போடுவார், கேட்டாயிற்று. ரயிலில் வரும்போது கமெராவை மேலே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வா.

அன்புடன்,
அம்மா