லட்டுவ திருப்பி குடுத்துடாத பாப்பா

பாப்பா, நேத்து ராத்திரி நீ போன்ல அழுததுல இருந்து எனக்கு வேற எதுலயும் மனசு போகல. போன்ல பேசுனா பாதியிலயே மீட்டிங்னு வெச்சுடுவ, அதான் உக்காந்து டைப் பண்றேன், பொறுமையா படி, மாப்ளையையும் படிக்கச் சொல்லு. உன் நாய்க்குட்டி லட்டுவ ராஜபாளையத்துக்கு நம்ம வீட்டுக்கு அனுப்பவா இல்ல எடுத்த எடத்துலயே குடுத்துடவான்னு கேட்ட. இங்க வந்தா நான் பாத்துக்க மாட்டேனா, தாராளமா பாத்துப்பேன். ஆனா அது ரெண்டரை மாசக் குட்டி, தாய்கிட்ட இருந்து பிரிஞ்சு வந்து இப்பதான் உங்க ரெண்டு பேர் வாசனைய பழகிட்டு இருக்கு, அத மறுபடியும் பிரிச்சு விடாத, அதுவும் வீட்டுக்குள்ள ஒண்ணுக்கு போகுதுங்கிற ஒரே காரணத்துக்கு. இது கண்டிப்பா சரியாகிற விஷயம்மா.

வேணும்னே பண்ணுதுப்பான்னு சொன்ன. வேணும்னே பண்ணாது. அந்த வயசுல அதால அடக்கவே முடியாது. குட்டிக்கு எத்தன மாசமோ அதோட ஒண்ண கூட்டிக்க, அத்தன மணி நேரம்தான் அதிகபட்சம் தாங்கும்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, அதுவும் சும்மா படுத்து கிடந்தாத்தான். முழிச்சு ஓடி ஆடிட்டு இருக்கும்போது அரை மணி, ஒரு மணிக்கு ஒருக்க வந்துடும். நாலு மாசம், ஆறு மாசம் ஆகும்போதுதான் அடக்குற பலமே வருது, முழுசா நம்பி வீட்ட விட்டுட்டு போற அளவுக்கு சில நாய்க்கு ஒரு வருஷம் கூட ஆகும். ஜாதி நாயா வாங்கியிருந்தா சீக்கிரம் கத்துக்கிட்டிருக்கும்னு மாப்ள சொன்னாராம். நம்ம ஊரு ராஜபாளையம் நாய்க்கு 2005ல தபால்தலையே போட்டாங்க, அந்த ஜாதிக் குட்டியும் இந்த வயசுல நடுவீட்டுலதான் போகும். தெருக்குட்டிங்கிறதால ஒரு குறையும் இல்லன்னு அவர்கிட்ட நல்லபடியா எடுத்து சொல்லு.

நம்ம கொல்லைல செவலை நாய் குட்டி போட்டப்ப நீ பக்கத்துலயே உக்காந்து பாப்பியே ஞாபகம் இருக்கா. கண்ணு தொறக்காத குட்டிக்கு தானா ஒண்ணுக்கு கூட போகத் தெரியாது, தாய்தான் வயித்துக்கு கீழ நக்கி விட்டு வரவெச்சு, அதையும் அதுவே நக்கி சுத்தம் பண்ணிடும், அதனாலதான் அந்த சாக்கு நாத்தமே அடிக்காது. மூணு வாரம் ஆனதும் குட்டிங்க தள்ளாடிக்கிட்டே சாக்க விட்டு எறங்கி வந்து ஓரமா போகும். படுக்குற எடத்துல போகக்கூடாதுங்கிறது அதுங்க கூடவே பொறந்த புத்தி. லட்டுவுக்கும் அது இருக்கு. ஆனா உன் பிளாட் முழுக்க நம்ம வீடுதான், இங்க எங்கயுமே போகக்கூடாதுன்னு அதுக்கு யாரு சொன்னா? அது படுக்குற மூலை மட்டும்தான் அதுக்கு வீடு. ஹால் அதுக்கு வெளியூரு. அந்த வீட்ட கொஞ்சம் கொஞ்சமா பெருசாக்கணும், செய்ய வேண்டியது அவ்வளவுதான்.

கால்மிதில ஏன் போகுதுன்னா அது மெத்துன்னு இருக்கு, ஈரத்த உறிஞ்சிக்குது, புல்லுக்கும் கால்மிதிக்கும் குட்டிக்கு வித்தியாசம் தெரியாது. இந்த வயசுல காலுக்கு அடியில எந்த தரை பழகுதோ அதையேதான் அப்புறமும் தேடும். அதனால மொதல்ல எல்லா கால்மிதியையும், பெட்ரூம்ல இருக்குற அந்த கார்ப்பெட்டையும் சுருட்டி பரண்ல போடு.

இன்னொண்ணு முக்கியம். அதுக்கு ஒரு ஊசிதான் போட்டிருக்குன்னு சொன்ன. தடுப்பூசி மூணு நாலு வாரத்துக்கு ஒருக்கன்னு நாலு மாசம் வரைக்கும் போடணும், அது முடியற வரைக்கும் தெருநாய்ங்க நடமாடுற எடத்துல, கீழ பார்க் பக்கமெல்லாம் எறக்கி விடாத. பார்வோன்னு நாய்க்குட்டிங்கள கொல்ற ஒரு நோய், அந்த கிருமி மண்ணுல மாசக்கணக்குல உசுரோட கிடக்கும், ரத்தமா பேதி போயி ரெண்டு மூணு நாள்ல குட்டி போயிடும், நம்ம தெருவுலயே அப்படி போன குட்டிங்கள தூக்கி புதைச்சிருக்கேன், அந்த வேதனை உனக்கு வேணாம். அதுவரைக்கும் பால்கனிதான் அதுக்கு எடம். நர்சரில லான் புல்லு துண்டு துண்டா விக்கிறான், ஒரு அகலமான பிளாஸ்டிக் ட்ரேல மண்ண போட்டு அத வெச்சுடு. ஒரு தடவ அதோட ஒண்ணுக்க டிஷ்யூல தொடச்சு அந்த புல்லு மேல போட்டு வை, அந்த வாசனைக்கு அதுவே மோந்து பாத்துட்டு வரும்.

எப்ப கூட்டிட்டு போகணும்னா, அது கேக்குறதுக்கு முன்னாடி. தூங்கி எந்திரிச்ச ஒடனே, சாப்பிட்டு கால் மணி நேரத்துல, விளையாடி முடிச்சதும், ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி. விளையாடிட்டு இருக்குறது சட்டுன்னு நிறுத்திட்டு தரைய மோந்துக்கிட்டே வட்டம் போட ஆரம்பிச்சா அதுதான் சிக்னல், லேப்டாப்ப அப்படியே வெச்சுட்டு தூக்கிட்டு ஓடு. சாப்பாட்ட நேரத்துக்கு வை, நாள் பூரா தட்டுல போட்டு வெச்சா வெளிய வர்றதும் நேரங்கெட்டுத்தான் வரும். பால் ஊத்துறத நிறுத்து, நிறைய குட்டிக்கு பசும்பால் ஒத்துக்காது, கழிச்சலாகிடும். தண்ணிய மட்டும் குறைக்கவே குறைக்காத.

புல்லுல கொண்டு போய் விட்டதும் கொஞ்சாத, பேசாம நில்லு. போக ஆரம்பிக்கும்போது மெதுவா உச்சா போன்னு ஒரே வார்த்தைய சொல்லு, நாளைக்கு அந்த வார்த்தைக்கே போகும். முடிச்சதும் அந்த எடத்துலயே, அந்த நொடியே, அவிச்ச சிக்கன்ல நகத்தளவு பிச்சு வாயில குடுத்து தட்டிக்குடு. உள்ள வந்து கிச்சன்ல போய் எடுத்து குடுத்தா, உள்ள வந்ததுக்கு குடுத்தாங்கன்னுதான் அது நினைக்கும். முடிச்ச ஒடனே தூக்கிட்டு உள்ளயும் வந்துடாத. போனா விளையாட்டு முடிஞ்சிடும்னு புரிஞ்சுக்கிட்டா அடக்கி வெச்சுக்கிட்டு உள்ள வந்துதான் போகும், வெளிய போகாம உள்ள வந்ததும் போகுதுன்னு நீ சொன்னதுக்கு காரணம் இதுவாத்தான் இருக்கும்னு எனக்கு தோணுது. அஞ்சு நிமிஷம் அங்கயே விளையாட விட்டு கூட்டிட்டு வா.

தப்பு பண்ணுனா அதுக்கே தெரியுதுப்பா, மூஞ்சிய தொங்கப் போட்டுக்குதுன்னு சொன்னியே, அது உன் கோவத்த பாத்து வர்ற மூஞ்சி. அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2009ல 14 நாய்ங்கள வெச்சு இத பாத்திருக்காங்க, தின்னக்கூடாதுன்னு சொன்னத தின்ன நாய்க்கும் தின்னாத நாய்க்கும் அந்த மூஞ்சில வித்தியாசமே இல்ல, எஜமான் திட்டுனப்பதான் அந்த மூஞ்சி அதிகமா வந்திருக்கு. அப்ப போயி முடிச்சு பத்து நிமிஷம் கழிச்சு நீ வந்து கத்துனா அதுக்கு என்ன புரியும்? உன் முன்னாடி போனா அடி விழும்னுதான் புரியும், அப்புறம் சோபாவுக்கு பின்னாடி ஒளிஞ்சு போகும், பால்கனிக்கு கூட்டிட்டு போனாலும் உன் எதிர்ல போகாது. மூக்க பிடிச்சு அதுல தேய்ன்னு யாரோ சொன்னாங்களாமே, அந்த பாவத்த மட்டும் பண்ணிடாதம்மா. பார்வைல படும்போதே போக ஆரம்பிச்சா லேசா ஒரு தட்டு கைய தட்டி தூக்கிட்டு போ, அதோட விடு.

மாப்ள ஆபீஸ்ல இருந்து உள்ள வந்ததும் மல்லாந்து படுத்து பீச்சிடுதுன்னியே, அது வேற விஷயம். நீங்க பெரியவரு, நான் சின்னப் பிள்ளைன்னு நாய் பாஷைல சொல்றது அது. அதட்டுனா இன்னும் ஜாஸ்தியாகும். அவர் வந்ததும் குனிஞ்சு தூக்காம, பேசாம, ஷூவ கழட்டிட்டு பக்கவாட்டா தரையில உக்காரட்டும், அதுவா வந்து மோந்து பாத்ததும் நெஞ்சுப் பக்கமா தடவிக் குடுக்கட்டும். வளர வளர நின்னுடும்.

தரைய தொடைக்க அம்மோனியா வாடை அடிக்கிற லிக்விட் எதுவும் வேணாம், அதுவே மூத்திர வாடைதான் நாய் மூக்குக்கு. பினாயிலும் வேணாம், கால்ல பட்டத நக்கும். வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து தொடை, இல்ல பெட் ஷாப்ல மூத்திர வாடைய அடியோட போக்குற என்சைம் கிளீனர் கிடைக்கும், அது இன்னும் நல்லது. நம்ம மூக்குக்கு போயிட்டாலும் அது மூக்குக்கு போகாது, வாடை இருக்குற எடத்துக்கே திரும்ப வரும்.

ராத்திரிக்கு கூண்டு வாங்கலாம். கூண்டுன்னதும் உங்கம்மாவுக்கு மனசு கேக்கல, ஆனா பழக்கி விட்டா அது தானா போயி படுத்துக்கும். எந்திரிச்சு நிக்க, திரும்ப, நீட்டி படுக்க எடம் இருந்தா போதும், ரொம்ப பெருசா வாங்குனா ஒரு மூலைல போயிட்டு இன்னொரு மூலைல படுத்துக்கும். உங்க கட்டிலுக்கு பக்கத்துலயே வை, நடுராத்திரி முனகுனா லைட்டெல்லாம் போடாம தூக்கிட்டு போயி விட்டுட்டு வந்து படுக்க வை. கொஞ்ச நாளைக்கு தூக்கம் கெடத்தான் செய்யும், ஒரு நாள் நீ ஒரு நாள் மாப்ளைன்னு மாத்திக்கோங்க. பகல்ல அத கூண்டுல போட்டு பூட்டிட்டு ஆபீஸ் போயிடக்கூடாது, வேலைக்கு வர்ற அக்காகிட்ட மத்தியானம் ஒரு தடவ பால்கனிக்கு விடச் சொல்லி அதுக்கு தனியா காசு குடு.

இதெல்லாம் செஞ்சும் அடிக்கடி சொட்டு சொட்டா போனாலோ, முக்குனாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ டாக்டர்கிட்ட காட்டு, பொட்டக்குட்டிக்கு மூத்திரக்குழாய்ல இன்பெக்சன் சகஜமா வரும், அப்ப எந்த பழக்கமும் ஏறாது. லிப்ட்ல நாய கூட்டிட்டு வராதன்னு அசோசியேஷன்ல சொன்னா சண்டைக்கு போகாத, விலங்குகள் நல வாரியம் 2015லயே அப்படி தடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்குன்னு அத எடுத்து காட்டு, நம்ம பக்கம் கவர் வெச்சு அள்ளி சுத்தமா வெச்சுக்குவோம்.

அம்மா பழைய வேட்டி நாலஞ்சு துவைச்சு மடிச்சு வெச்சிருக்கா, கூண்டுல விரிக்க ஆகும், கூட முறுக்கும் வெச்சு வெள்ளிக்கிழமை பஸ்ல போட்டு விடுறேன். அடுத்த ஊசி என்னிக்குன்னு டாக்டர் சொன்ன தேதிய வாட்ஸ்அப்ல போடு, நான் இங்க காலண்டர்ல குறிச்சு வெச்சு ஞாபகப்படுத்துறேன்.

அப்பா