நான்காவது ஹெட்

டிராய், மிச்சிகன்
நவம்பர் 16

அன்புள்ள கயல்,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "பானட்டைத் திறந்தால்தானே தெரியப் போகிறது, அந்த எஞ்சினுக்கா ஆறு மாதம் அப்பா?" என்றாய். சிரித்து மழுப்பிவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கேள்வி நியாயமானது கண்ணு. பதிலும் என்னிடம் இருக்கிறது. போனில் சொல்லும்படி இல்லை, அவ்வளவுதான். உன் பழைய மாடல் கார் பெட்டியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

மார்ச்சில் பேஸ்மென்டில் தண்ணீர் கசிந்தபோது உன் பெட்டிகளையெல்லாம் மேலே ஏற்றினேன். அதில் அந்த ஜிடிஓ இருந்தது. 1969 பான்டியாக் ஜிடிஓ, ஒட்டிச் செய்கிற பிளாஸ்டிக் மாடல், நிஜ வண்டியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. 2010-இல் பான்டியாக் என்ற பெயரையே மூடிவிட்டார்கள் அல்லவா, அந்த வருடக் கடைசியில் உனக்கு வாங்கிக் கொடுத்தது. உட்வர்ட் சாலையில் நிஜ வண்டியைப் பார்த்துவிட்டு, "சிவப்பு என்று பெயர் வைத்துவிட்டு ஆரஞ்சு அடித்திருக்கிறார்களே" என்று நீ சிரித்தாய். பெட்டியில் பாதி வேலையோடு கிடந்தது. ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை? முடித்து வைக்கலாம் என்று மேசைக்குக் கொண்டுவந்தேன்.

எடுத்ததும் எஞ்சினைத்தான் அளந்தேன். பழக்கதோஷம். பான்டியாக் வி-8 எஞ்சினில் பக்கத்துக்கு நான்காக எட்டு சிலிண்டர்கள், ஒரு சிலிண்டரின் மையத்துக்கும் அடுத்ததன் மையத்துக்கும் இடையே 4.62 அங்குலம். இருபத்தைந்தால் வகுத்தால் 4.69 மில்லிமீட்டர். முதல் சிலிண்டரிலிருந்து நான்காவது வரை 14 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வர வேண்டும். பெட்டியில் வந்த எஞ்சினில் 13கூட இல்லை. ஒரு மில்லிமீட்டர்தானே என்பாய். நிஜ எஞ்சினில் அது ஓர் அங்குலம். கோயம்புத்தூர்ப் பட்டறையில் அப்படி ஒரு வேலையைக் கொண்டுபோய் மேஸ்திரி முன்னால் வைத்திருந்தால், மறுநாள் நான் வேறு வேலை தேடியிருப்பேன்.

சரி, எஞ்சினை நாமே செய்வோம் என்று முடிவானது. நாமே செய்வதென்றால் சாதாரண 400 கன அங்குல எஞ்சின் எதற்கு? அப்போதுதான் ராம் ஏர் ஃபைவ் நினைவுக்கு வந்தது.

அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். வி-8 எஞ்சினில் வால்வுகளை இயக்குகிற தண்டு, கேம்ஷாஃப்ட், நடுவில், இரண்டு வரிசைக்கும் இடையே உள்ள பள்ளத்துக்கு அடியில் ஓடும். அங்கிருந்து பதினாறு புஷ்ராடுகள், அதாவது தள்ளுகோல்கள், சிலிண்டர்களை மேலே மூடுகிற இரண்டு பக்க ஹெட்டுகளுக்கும் ஏறிப் போய் வால்வுகளைத் திறக்கும். காற்றும் பெட்ரோலும் உள்ளே போகிற வழியும் அதே பக்கம்தான். அதனால் வழக்கமான எஞ்சின்களில் அந்த வழி புஷ்ராடுகளுக்கு இடம் விட்டு, இடுப்பைச் சுருக்கிக்கொண்டு போகும், கல்யாணப் பந்தியில் இரண்டு வரிசைக்கு நடுவே சாம்பார் வாளியோடு போகிறவர் மாதிரி. ராம் ஏர் ஃபைவில் அந்தக் கூச்சமே கிடையாது. வழியை நேராக, வட்டமாக, பெரிதாக வார்த்துவிட்டார்கள். குறுக்கே வருகிற புஷ்ராடை ஒரு மெல்லிய குழாய்க்குள் போட்டு, காற்றுப் போகிற பாதையின் நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். ஃபோர்டு தன் 427 எஞ்சினில் இதை முன்பே செய்து பார்த்திருந்தது. பான்டியாக்காரர்கள் 1969-இல் செய்தார்கள், அதுவும் பந்தயத்தில் நேரடியாக இறங்கக் கூடாது என்று தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் 1963-இலேயே கதவைச் சாத்திய பிறகு. ஐந்து லிட்டருக்கு மேல் போகக் கூடாது என்ற டிரான்ஸ்-ஆம் பந்தயத்துக்காக 303 கன அங்குலத்தில் ஒன்று, தெருவுக்கு 400-இல் ஒன்று என்று தனித்தனியாக யோசித்திருக்கிறார்கள். கடைசியில் வண்டியில் பூட்டி விற்கவே இல்லை. வேண்டுமென்றால் உதிரிபாகக் கவுன்ட்டரில் வாங்கிக்கொண்டு போ என்று விட்டுவிட்டார்கள். மிகச் சிலவே வெளியே வந்தன.

நல்ல எஞ்சினா என்றால், சிக்னலில் நிற்கும்போது முக்கும். வழி அவ்வளவு பெரிதாக இருப்பதால் குறைந்த வேகத்தில் காற்று சோம்பேறித்தனமாகத்தான் உள்ளே போகும். மிதித்து விரட்டினால்தான் விழித்துக்கொள்ளும். பால் வாங்கப் போகிற வண்டிக்கு ஆகாது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

பிளாக், அதாவது எஞ்சினின் உடம்பு, சுலபமாக முடிந்துவிட்டது. பான்டியாக்கில் 326 முதல் 455 கன அங்குலம் வரை வெளி உருவம் ஒன்றேதான், அதனால் அளவுக்குப் பஞ்சமில்லை. ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகடுகளை வெட்டி, அடுக்கி ஒட்டி, அரத்தால் சாய்வு எடுத்தேன். பத்து நாள் வேலை.

ஹெட்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. முழு நீளமே இரண்டு சென்டிமீட்டர் சுமார்தான். அதில் ஒரு தலைமுடி அளவு பிசகினால் நிஜத்தில் இரண்டு மில்லிமீட்டர். மே மாதம் முழுக்கப் படங்களைப் பார்த்து முதல் ஹெட்டைச் செய்தேன். கடைசித் துண்டை ஒட்டும்போது, பசை காய்வதற்குள் நேராக இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தேன். அந்தப் பசை பிளாஸ்டிக்கை உருக்கித்தான் ஒட்டும், உனக்குத் தெரியும். விளக்கடியில் வைத்துப் பார்த்தால் ஹெட்டின் பக்கவாட்டில் என் கட்டைவிரல் ரேகை, பத்திரத்தில் வைத்த கைநாட்டு மாதிரி, கோடு கோடாக.

கயல், அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

2010 கிறிஸ்துமஸ் விடுமுறை. உனக்குப் பதின்மூன்று வயது. இதே எஞ்சினை நீ ஒட்டி மேசையில் வைத்துவிட்டுத் தூங்கப் போனாய். பசை வழிந்திருந்தது, பிளாக்கின் இரண்டு பாதியும் ஒரு பக்கம் ஏறி இறங்கியிருந்தது, ஹெட்டின் மேல் உன் கட்டைவிரல் ரேகை இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகப் பிரித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, திரும்ப ஒட்டி, காலையில் அதே இடத்தில் வைத்தேன். நீ எழுந்து வந்து கையில் எடுத்தாய். ஹெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "தாங்க்ஸ் அப்பா" என்றாய். பெட்டியில் வைத்து மூடினாய். அதன் பிறகு நீ அதைத் திறந்து நான் பார்க்கவில்லை. "வீட்டுப்பாடம் அதிகமாகிவிட்டது போல" என்று அம்மாவிடம் நான்தான் சொன்னேன். வேலையிடத்தில், மகள் செய்ததை ஒரே ராத்திரியில் எப்படி நேராக்கினேன் என்று பெருமையாக வேறு சொல்லிக்கொண்டேன்.

நான் கேட்டிருக்க வேண்டும். தொட்டிருக்கக் கூடாது. இவ்வளவு காலம் கழித்து எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

என்னுடைய ரேகையைத் தேய்த்து எடுத்தால் மூலை மழுங்கிவிட்டது. முதல் ஹெட் குப்பைக்குப் போனது. இரண்டாவது ஆகஸ்டில் போனது. உட்வர்டில் வருடாவருடம் நடக்கிற கார் ஊர்வலத்துக்கு, வழக்கம்போல் சட்டைப் பையில் வெர்னியர் அளவுகோலோடு போயிருந்தேன். நடைபாதையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பேச்சு ராம் ஏர் ஃபைவுக்கு வந்தது. அவர் எழுந்து போய்த் தன் வண்டியின் டிக்கியைத் திறந்தார். உள்ளே கம்பளியில் சுற்றி ஒரு ஹெட். நிஜமானது, வார்ப்பிரும்பு. "தூக்கிப் பார்" என்றார். இடுப்பு வேண்டாம் என்றது, கை கேட்கவில்லை. காற்றுப் போகும் வழிக்குள் விரலை விட்டேன். கொஞ்ச தூரத்தில் குறுக்கே ஏதோ இடித்தது. அந்தக் குழாய்! படத்தில் எத்தனையோ முறை பார்த்ததுதான். விரலில் இடித்தபோதுதான் நம்பினேன். நான் அளக்க அளக்க அந்த மனிதர் பொறுமையாக டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். என் இரண்டாவது ஹெட்டில் அந்த வழிகளின் சாய்வே தப்பு என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

மூன்றாவதைச் சரியாகச் செய்து, அதை வைத்து சிலிக்கோன் ரப்பரில் அச்சு எடுத்தேன். ஒன்றைச் செய்தால் போதும், ரெசின் ஊற்றி இரண்டாக வார்த்துக்கொள்ளலாம் அல்லவா? வார்த்தால் முகமெல்லாம் அம்மைத் தழும்பு, காற்றுக் குமிழிகள். அச்சைப் பிரிக்கும்போது மூலமும் உடைந்துவிட்டது. அம்மா எட்டிப் பார்த்து, "இப்படிக் கொட்டினால் குமிழ் வராமல் என்ன செய்யும்? எண்ணெய் ஊற்றுகிற மாதிரி உயரத்திலிருந்து நூலாக ஊற்றுங்கள்" என்றாள். நாற்பது வருடம் இரும்போடு புரண்டவனுக்கு அடுப்படியிலிருந்து பாடம். நான்காவதை அப்படித்தான் ஊற்றினேன். அச்சுக்குள் அவளுடைய முகப் பவுடரையும் கொஞ்சம் தூவினேன், ரெசின் மூலைமுடுக்கெல்லாம் ஓடுவதற்கு. இரண்டு ஹெட்டும் பழுதில்லாமல் வந்தன. பவுடர் விஷயம் அவளுக்குத் தெரியாது, நீயும் சொல்லாதே.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஒவ்வொரு ஹெட்டிலும் நான்கு வட்ட வழிகள், ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீட்டர் அளவில். ஒவ்வொன்றுக்குள்ளும் குறுக்கே 0.4 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி ஒன்று, புஷ்ராடு போகிற குழாய். எட்டையும் இடுக்கியால் வைத்து ஒட்டினேன். அதற்கு மேல், காற்றைப் பிரித்து அனுப்புகிற இன்டேக் மேனிஃபோல்ட் உட்கார்ந்ததும் எட்டும் மூடிவிட்டன. பானட்டைத் திறந்தாலும் தெரியாது. நீ நினைத்ததைவிட நிலைமை மோசம். ஆனால் விரலில் இடித்ததைச் செய்யாமல் விட்டுவிட்டு, இதுதான் ராம் ஏர் ஃபைவ் என்று எப்படிச் சொல்வேன்? எனக்குத் தெரியுமே.

கார்புரேட்டரை விலைக்கு வாங்கினேன், யாரோ முப்பரிமாண அச்சில் எடுத்த ஹோலி கம்பெனி மாதிரி. அதில் எனக்கு வெட்கம் இல்லை. சிலிண்டர்களுக்கு மின்பொறியைப் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டர் மட்டும் என் கை வேலை. பான்டியாக்கில் அது எஞ்சினின் பின்பக்கம், தடுப்புச் சுவரை ஒட்டி ஒளிந்திருக்கும். நாலு மில்லிமீட்டர்கூட வராத மூடியில் சுற்றி எட்டுத் துளை, நடுவில் ஒன்று. 0.3 மில்லிமீட்டர் பிட்டை விரல்களுக்கு நடுவே வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உருட்ட வேண்டும். ஐந்து பிட் ஒடிந்தது. பிறகு வயர்கள், சிலிண்டர்கள் எரிகிற 1-8-4-3-6-5-7-2 என்ற வரிசையில், மேலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாக. மூன்றையும் ஆறையும் மாற்றிச் செருகிவிட்டு, இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். எரியப் போகிற எஞ்சினா என்ன? ஆனாலும் பிரித்துச் சரி செய்தேன்.

பாக்கி இருப்பது பெயின்ட் ஒன்றுதான். அந்தக் காலத்துப் பான்டியாக் எஞ்சின் நீலம் உனக்குத் தெரியும், வெளிர் நீலத்தில் கொஞ்சம் வெள்ளிப் பொடி ஓடும். கடையில் வாங்கிய இரண்டு புட்டிகளும் சரியில்லை. ஒன்று வானம், ஒன்று பள்ளிச் சீருடை. நேற்று உன் பெட்டியின் அடியில், டயர் பொட்டலத்துக்குக் கீழே, ஒரு சின்னப் புட்டி கிடைத்தது. நீ கலந்து வைத்தது. குலுக்கினால் உள்ளே இன்னும் தளும்புகிறது. கண்ணாடி வழியே பார்த்தால் அச்சு அசலாக அந்த நீலம். மேலே சீட்டு ஒட்டி, தமிழ்ப் பள்ளிக் கையெழுத்தில் தேதி போட்டிருக்கிறாய், 4-3-2011. கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டு மாதம் கழித்து. நீ விட்டுவிட்டாய் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேதிக்குக் கீழே "அப்பா தொடகூடாது" என்று எழுதியிருக்கிறாய். ஒரு க் விட்டுப்போயிருக்கிறது. நான் திருத்தவில்லை. புட்டியை மேசையில் வைத்திருக்கிறேன், மூடியைத் தொடவில்லை. திறக்கலாமா என்று மட்டும் சொல்.

அப்பா