தீபாவளிச் சீட்டு பிடிக்கும் அக்காக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்கா, தங்கைகளுக்கு,

வணக்கம். சீட்டுக் கம்பெனி முதலாளிகளுக்கு நான் எதுவும் எழுதப்போவதில்லை. மாதம் பிறந்ததும் வீடு வீடாகப் போய்ப் பணம் வாங்கி, கார்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறீர்களே, உங்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது. தீபாவளிச் சீட்டு, பண்டு, மளிகைச் சீட்டு, பலகாரச் சீட்டு என்று ஊருக்கு ஒரு பெயர். எந்தப் பெயராக இருந்தாலும் நடுவில் ஓர் ஏஜென்ட் இருப்பார், பெரும்பாலும் ஒரு பெண். வீட்டில் தையல் மிஷின் வைத்திருப்பார், இல்லையென்றால் மகளிர் குழுவில் பொறுப்பில் இருப்பார். தெருவில் யாருக்கு என்ன நல்லது கெட்டது என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவராக இருப்பார். அதனால்தான் கம்பெனிக்காரர் அவரைத் தேடி வருகிறார்.

நீங்கள் ஏமாற்றுகிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் சொந்தக் காசும் அதில்தான் கிடக்கிறது. அம்மா பேரில் ஒரு கார்டு, மகள் பேரில் ஒரு கார்டு போட்டிருப்பீர்கள். தெரிந்தே யாரும் பெற்ற மகளின் காசைக் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டார்கள். ஆனால் சீட்டு கட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு முதலாளி யாரென்றே தெரியாது. உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பணம் தருகிறார்கள். அதனால் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கணக்குப் போட்டுப் பார்க்காமல் இனி யாரிடமும் பணம் வாங்காதீர்கள்.

முதலில் அந்தக் கார்டை எடுத்து ஒரு தடவை பொறுமையாகப் பாருங்கள். மேலே லட்சுமி படம். நடுவில் பன்னிரண்டு கட்டம், கட்டத்துக்குள் தேதியும் உங்கள் கையெழுத்தும். பின்பக்கம் பொருள் பட்டியல்: அரிசி ஒரு மூட்டை, எண்ணெய், துவரம்பருப்பு, உளுந்து, ஸ்வீட் பாக்ஸ், பட்டாசு, எவர்சில்வர் குடம், கடைசியில் கொட்டை எழுத்தில் தங்கக் காசு. அடியில் பொடி எழுத்தில், இடையில் நிறுத்தினால் பொருள் கிடையாது என்று ஒரு வரி. கம்பெனியின் பதிவு எண் எங்காவது இருக்கிறதா? நடத்துபவரின் முழுப்பெயர், முகவரி? ஒரு செல்போன் நம்பர் இருக்கும், அவ்வளவுதான். நாளைக்கு இந்தக் கார்டை யாராவது ஸ்டேஷனுக்கு எடுத்துப்போனால், அதில் அடையாளம் தெரிகிற ஒரே ஆள் நீங்கள்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். மாதம் 1,000 ரூபாய், 12 மாதம், மொத்தம் 12,000. இந்தப் பணம் முழுவதும் ஒரு வருடம் கம்பெனியிடம் இருப்பதில்லை. முதல் தவணை 12 மாதம் இருக்கும், கடைசித் தவணை ஒரே மாதம். கூட்டிக் கழித்தால் 6,500 ரூபாய் ஒரு வருடம் இருந்ததற்குச் சமம். இதையே ஒரு வங்கியில் ஆர்.டி.யாக, அதாவது மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பாக, 7 சதவீத வட்டியில் கட்டியிருந்தால் சுமார் 455 ரூபாய் வட்டி வரும். கம்பெனிக்காரரோ 15,000 ரூபாய்க்குப் பொருள் தருகிறேன் என்கிறார். அதாவது 3,000 கூடுதல். பத்து கார்டு பிடித்தால் உங்களுக்கு ஒரு கார்டு இலவசம் என்றால், அந்த 15,000-ஐப் பத்தால் வகுக்க, கார்டுக்கு இன்னொரு 1,500 ரூபாய் அவர் கையிலிருந்து போகிறது. ஆக 6,500 ரூபாய்க்கு ஒரு வருடத்தில் 4,500 ரூபாய். ஏறக்குறைய 70 சதவீதம். எந்தத் தொழிலில் வருடா வருடம் தவறாமல் 70 சதவீதம் கிடைக்கிறது? அப்படிக் கிடைக்கிற தொழில் ஒருவரிடம் இருந்தால், அவர் ஏன் நம் தெருவுக்கு வந்து ஆயிரம் ஆயிரமாகச் சேர்க்க வேண்டும்?

மொத்த விலையில் வாங்குவதால் மிச்சம் பிடிக்கிறோம் என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஒரு மளிகைக்கடைக்காரர் தன் கடைச் சரக்கையே கொடுக்கிறார் என்றால், ஆயிரத்துச் சொச்சம் கூடுதலாகக் கொடுக்க அவருக்குக் கட்டுப்படியாகலாம். ஆனால் தங்கக் காசுக்கு அந்தக் கதை செல்லாது. தங்கத்துக்கு அன்றைய ரேட் ஊருக்கெல்லாம் ஒன்றுதான். மூட்டையாக வாங்கினால் பாதி விலை என்பது அதில் கிடையாது. அப்புறம் அந்தக் காசு எங்கிருந்து வருகிறது? அடுத்த சுற்றில் நீங்கள் புதிதாகச் சேர்த்துக்கொடுத்த ஆட்களின் தவணையிலிருந்துதான் வருகிறது.

“நாலு வருஷமா சரியாத்தானே குடுத்தாங்க” என்று நீங்கள் சொல்வீர்கள். கொடுத்திருப்பார்கள். முதல் வருடம் சொன்னதற்கு ஒரு பிடி அதிகமாகவே கொடுப்பார்கள், அதுதான் அவர்களுடைய விளம்பரம். உங்கள் வீட்டு வாசலில் அரிசி மூட்டை இறங்குவதைத் தெருவே பார்க்கும். அடுத்த வருடம் பத்து கார்டு ஐம்பதாகும். போன வருடத்துக் கடனை இந்த வருடத்துப் பணத்தில் அடைத்துக்கொண்டே போவார்கள். சேருகிற ஆள் குறைகிற வருடம், தீபாவளி நெருங்குகையில் போன் ஸ்விட்ச் ஆஃப் ஆகிவிடும். நாலு வருடம் கொடுத்தது ஐந்தாவது வருடத்துக்கு எந்த ஜாமீனும் இல்லை. இதையே பிரம்மாண்டமாக 2022-இல் பார்த்தோம். ஒரு லட்சம் கட்டினால் மாதம் சுமார் 30,000 ரூபாய் என்று சொல்லி, ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் வாங்கியதாக ஆருத்ரா நிறுவனத்தின் மேல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் போட்டது. அங்கேயும் முதல் சில மாதங்கள் பணம் கைக்கு வந்தவர்கள்தான் சொந்தக்காரர்களைக் கூட்டிவந்து சேர்த்தார்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஏலச்சீட்டு நடத்த 1982-ஆம் ஆண்டுச் சீட்டுச் சட்டப்படி முன் அனுமதி வாங்க வேண்டும், சீட்டுப் பதிவாளரிடம் பதிய வேண்டும், பிணை கட்ட வேண்டும். தீபாவளிச் சீட்டில் ஏலமும் இல்லை, பதிவும் இல்லை. ஆனால் பணமாகவோ பொருளாகவோ திருப்பித் தருகிறேன் என்று சொல்லி, எந்த அமைப்பிடமும் பதியாமல் பொதுமக்களிடம் பணம் திரட்டுவதை 2019-இல் வந்த ஒரு மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. பணம் வாங்குவது மட்டுமல்ல, வாருங்கள் சேருங்கள் என்று கேட்பதே அதில் குற்றம். கேட்டதற்கே ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை, குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதம். “நான் ஏஜென்ட்தான் சார்” என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நம்பாதீர்கள். முதலாளியின் சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, பணத்தைப் பிரித்துக் கொடுக்க 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி சென்னை, மதுரை, கோவையில் டான்பிட் கோர்ட்டுகள் என்ற தனி நீதிமன்றங்கள் இருக்கின்றன. ஆனால் அதற்கு வருடக்கணக்காகும். அதுவரை ஜனங்கள் உங்கள் வீட்டு வாசலில்தான் நிற்பார்கள். தாலிச் செயினை அடகு வைத்தும், மனையை விற்றும் அடுத்தவர் கடனை அடைத்த ஏஜென்ட் பெண்களை நம் ஊர்கள் பார்த்திருக்கின்றன.

நகைக்கடைச் சீட்டும் இப்படியா என்று கேட்பீர்கள். அது வேறு வகை. பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை ஒரு கம்பெனி 365 நாளுக்குள் நேர் செய்துவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. அதனால்தான் பல கடைகளில் 11 மாதத்தில் தவணை முடிகிறது. விதிக்கு உட்பட்டு நடந்தாலும், கடை மூடினால் அந்தப் பணத்துக்குக் காப்பீடு கிடையாது. வங்கியில் போட்டிருந்தால் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு.

உங்களுக்கு இந்த வேலை ஏன் வேண்டியிருக்கிறது என்றும் எனக்குத் தெரியும். வீட்டை விட்டுத் தூரம் போக வேண்டியதில்லை, பேசத் தெரிந்தால் போதும், கையில் நாலு காசு நிற்கிறது. அதே வேலையை முறையாகச் செய்ய ஒரு வழி இருக்கிறது. அஞ்சலக ஆர்.டி.க்கு வீட்டுக்கு வீடு போய்ப் பணம் வாங்கிக் கட்டுகிற மகளிர் முகவர் திட்டம் அது. பெண்களுக்கு மட்டுமே உள்ள திட்டம். கமிஷன் 4 சதவீதம். நூறு பேர் மாதம் ஆயிரம் கட்டினால் உங்களுக்கு 4,000 ரூபாய். அங்கேயும் கார்டு உண்டு, நீங்கள் கையெழுத்தும் போடுவீர்கள். ஆனால் பாஸ்புக் கட்டுகிறவர் பேரில் இருக்கும், பணத்துக்கு அரசாங்கம் பொறுப்பு. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் சிறுசேமிப்புப் பிரிவில் போய்க் கேளுங்கள், விவரம் சொல்வார்கள்.

அஞ்சலக ஆர்.டி. 5 வருடம், தீபாவளி வருடா வருடம் வருகிறதே என்றால், வங்கியில் ஒரு வருட ஆர்.டி. இருக்கிறது. மகளிர் உரிமைத்தொகை வருகிற பெண்களுக்கு ஏற்கெனவே அவரவர் பேரில் கணக்கு இருக்கிறது, அதிலிருந்தே மாதாமாதம் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம். நாமினி பெயரையும் கையோடு எழுதிவிட வேண்டும். ஆர்.டி. முடிந்ததும் இருபது பேர் சேர்ந்து மொத்த வியாபாரக் கடைக்குப் போய் அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கலாம். பேரம் பேசவும் வண்டி பிடிக்கவும் உங்களைவிட யார் இருக்கிறார்கள்? அந்த உழைப்புக்கு ஆளுக்கு இவ்வளவு என்று வெளிப்படையாகவே வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்கிறவர்களும் சந்தோஷமாகக் கொடுப்பார்கள்.

இப்போது ஓடிக்கொண்டிருக்கிற சீட்டை என்ன செய்வது? புது ஆள் ஒருவரையும் சேர்க்காதீர்கள். முதலாளியிடம் நேரில் போய், எந்தச் சட்டத்தில் பதிந்திருக்கிறீர்கள், போன வருடம் பொருள் வாங்கிய பில் எங்கே, நான் கட்டுகிற பணம் எந்த வங்கிக் கணக்கில் போகிறது என்று கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், சீட்டு கட்டுகிற நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பதில் சரியில்லையென்றால் அன்றோடு வசூலை நிறுத்திவிட்டு, கட்டியவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். திட்டுவார்கள். தீபாவளிக்கு முன்னால் வாங்குகிற திட்டு, அப்புறம் வருவதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

ஆள் ஏற்கெனவே காணாமல் போயிருந்தால், “அடுத்த வாரம் வந்துடுவார்” என்று அவருக்காக அவகாசம் கேட்காதீர்கள். நீங்கள் வாங்கிக்கொடுக்கிற ஒவ்வொரு வாரத்திலும் அவர் ஒரு சொத்தை விற்றுவிடுவார். வேண்டியவர்களுக்கு மட்டும் ரகசியமாகப் பணம் திருப்பிக் கொடுக்கவும் கூடாது. வசூல் நோட்டு, கார்டுகள், ஜிபேயில் அனுப்பிய பதிவு, அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்திகள் எல்லாவற்றையும் ஒரு நகல் எடுத்து வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். அப்புறம் பணம் கட்டியவர்களையும் கூட்டிக்கொண்டு உங்கள் மாவட்டப் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போங்கள். அவர்கள் உங்கள் மேல் புகார் கொடுப்பதற்கு முன்னால், அவர்களோடு சேர்ந்து நீங்களே புகார் கொடுங்கள்.

அன்புடன்,
உங்களிடம் சீட்டு கட்டும் ஒரு வீட்டுப் பெண்