கேஸ்கேட் மலையில் கைகொடுத்தவர்களுக்கு

போன சனிக்கிழமை நியூயார்க் மாநிலத்தின் அடிரொண்டாக் மலைகளில், கேஸ்கேட் சிகரத்துக்கு ஐந்து பேர் ஏறினோம். ஐந்து பேரும் இறங்கியும் வந்துவிட்டோம். அதில் நான் இறங்கி வந்தது மட்டும் பிறர் தயவில்.

முதல் நன்றி, கார் நிறுத்துமிடத்தில் பார்த்த பெரியவருக்கு. பாதை மிதிபட்டுக் கெட்டியாகத்தானே இருக்கிறது, பனியில் புதையாமல் நடக்க பூட்ஸுக்கு அடியில் மாட்டும் அகலத் தட்டையான ஸ்னோஷூ எதற்கு என்று நண்பர்களிடம் வாதாடிக்கொண்டிருந்தேன். "எட்டு அங்குலம் பனி கிடந்தால் ஸ்னோஷூவோ ஸ்கீயோ இல்லாமல் போகக் கூடாது, இங்கே அது விதி" என்றவர், கையோடு கூட்டிப்போய் ஒரு குழியையும் காட்டினார். யாரோ வெறும் பூட்ஸோடு நடந்து முழங்கால்வரை புதைந்த இடம். ராத்திரியில் அது இறுகிவிடும், பின்னால் வருகிறவரின் கணுக்காலைப் பதம் பார்த்துவிடும். மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டேன்.

அண்ணிக்கு அடுத்தது. சுக்குக் காபிக்கு மட்டுமல்ல, தண்ணீர் பாட்டில்களை எல்லாம் பையில் தலைகீழாகச் செருகி வைத்ததற்கும். தண்ணீர் மேலிருந்துதான் உறையும். கவிழ்த்து வைத்தால் மூடி இறுகாது. நானாக நிமிர்த்தி வைத்திருந்த என் பாட்டிலை மட்டும் உச்சிவரை திறக்கவே முடியவில்லை.

கேஸ்கேட்டின் உயரம் 4,098 அடி. அடிரொண்டாக்கின் பேர்பெற்ற 46 உயர் சிகரங்களில் சுலபமானது என்று பெயர். சொன்னவர்கள் கோடையில் போயிருப்பார்கள். உச்சி மொட்டைப் பாறை. காற்று ஆளைத் தள்ளியது. மாநிலத்திலேயே உயரமான மார்சி சிகரம் இரண்டு நிமிடம் தெரிந்தது. போதும் என்று திரும்பினோம்.

இறங்கும்போதுதான் என் வலது ஸ்னோஷூவின் பட்டை அறுந்தது. வாடகைக்கு எடுத்தது. கடையைக் குறைசொல்லப் போவதில்லை, கிளம்பும் முன் நான்தான் இழுத்துப் பார்த்திருக்க வேண்டும். கொஞ்ச தூரம்தானே என்று அதைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நடந்தேன். எதிரே ஏறி வந்த இரண்டு பெண்களுக்கு வழிவிட ஓரமாக ஒரு எட்டு வைத்தேன். அவ்வளவுதான், இடுப்புவரை உள்ளே. பனி மூடிய குட்டி ஸ்ப்ரூஸ், ஊசியிலை மரம். கிளைகளுக்கு அடியில் எல்லாம் வெற்றிடம். வலது கால் கிளையில் சிக்கிக்கொண்டது. இழுக்க இழுக்க இன்னும் இறங்கினேன்.

அந்த இருவரும் பைகளை இறக்கிவிட்டுக் குப்புறப் படுத்தார்கள். ஒருவர் ஸ்னோஷூவையே மண்வெட்டியாக்கித் தோண்டினார். இன்னொருவர் கையுறையோடு துழாவி என் பூட்ஸைக் கண்டுபிடித்தார். அதற்குள் என் நண்பர்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். அப்புறம் அந்த இருவரில் ஒரு அம்மாள் தன் பையிலிருந்து ஆரஞ்சு நிற ரப்பர் ஸ்ட்ராப் ஒன்றை அவிழ்த்து, அறுந்த பட்டைக்குப் பதிலாக இறுக்கிக் கட்டிவிட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை நான். பல் கிட்டிப்போயிருந்தது.

நான் விழுந்த குழியில் பனியைத் தள்ளி மிதித்து மூடிவிட்டு வந்த நண்பனுக்கும் நன்றி. எனக்கு அது தோன்றவே இல்லை.

அம்மா, உங்கள் ஸ்ட்ராப் பத்திரமாக இருக்கிறது. பிப்ரவரியில் மறுபடி அதே மலைக்கு வருகிறோம். என் நீலப் பையின் வெளியே அதைக் கட்டியிருப்பேன். பார்த்தால் உரிமையோடு அவிழ்த்துக்கொள்ளுங்கள்.