மாத்திரை ஏன் போடவில்லை என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். சர்க்கரை வந்து ஒன்பது வருஷமாகிறது. ராத்திரி மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போடவே மாட்டார். துணி துவைக்கும்போது சட்டைப் பையில் அட்டையோடு கிடைக்கும்.

முன்பு காட்டிய டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்ப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (HbA1c) 10.2 சதவீதம் என்று வந்த அன்று, வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி, "காலை எடுத்தாதான் உனக்குப் புத்தி வருமா?" என்றார். 58 வயது மனிதர். தலையைக் குனிந்தபடி வந்தவர், எட்டு மாதம் எந்த டாக்டரிடமும் போகவில்லை. மாத்திரையும் அடியோடு நின்றது.

போன வருஷம் காலில் ஒரு கொப்புளம் ஆறாமலே இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி வேறொரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். சின்ன வயதுப் பெண். செருப்பைக் கழற்றச் சொல்லி, அவர் காலைத் தன் கையால் பிடித்து, விரல் இடுக்கெல்லாம் பார்த்தார். மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, "தெரியுதாங்க ஐயா?" என்று கேட்டார். அப்புறம், "ராத்திரி மாத்திரை போட்டா உடம்புக்கு என்ன பண்ணுது?" என்றார்.

"கை நடுங்குது மேடம். கண்ணு இருட்டிக்கிட்டு வருது. சவாரிய வச்சிக்கிட்டு எப்படி ஓட்டுறது?"

என்னிடம்கூட அவர் இதைச் சொன்னதில்லை. சோம்பேறி என்று நானும்தான் திட்டியிருக்கிறேன். வண்டியில் ஏறியவர்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தல்லவா விட்டிருக்கிறார்! ஏழு மணிக்கு மாத்திரையைப் போட்டுவிட்டுப் பதினொரு மணிக்குச் சாப்பிட்டால் சர்க்கரை தாழ்ந்துதானே போகும்? டாக்டர் அளவைக் குறைத்து, சாப்பாட்டோடு போடும்படி மாற்றி எழுதினார். எல்லாம் பத்து நிமிஷத்துக்குள். ஆறு மாதத்தில் சராசரி 7.4க்கு வந்துவிட்டது.

நர்ஸிங் படிக்கும் என் மகள் ஓர் ஆய்வைக் காட்டினாள். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 29 டாக்டர்களிடம் பார்த்துக்கொண்ட 891 சர்க்கரை நோயாளிகளைப் பற்றியது, 2011இல் வந்தது. பரிவு அதிகமுள்ள டாக்டர்களிடம் போனவர்களில் 56 சதவீதம் பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருந்ததாம். பரிவு குறைந்தவர்களிடம் போனவர்களில் 40 சதவீதம்தான்.

கூட்டம், நேரமில்லை என்பார்கள். தெரியும், டோக்கனோடு நானும் காத்துக் கிடந்தவள்தான். ஆனால் திட்டுவதற்கும் நேரம் ஆகத்தானே செய்கிறது?

2019 முதல் எம்.பி.பி.எஸ். படிப்பில் நோயாளியிடம் பேசும் முறையையும் பாடமாக வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்பே படித்து முடித்தவர்களுக்கும் அந்தப் பயிற்சியைக் கொடுக்க வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே வந்து சர்க்கரை மாத்திரை தருகிறார்கள். நல்ல காரியம். தரும்போது போன மாத மாத்திரை மிச்சமிருக்கிறதா, ஏன் மிச்சம் என்று கோபப்படாமல் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அந்தக் குறிப்பு டாக்டர் கைக்குப் போய்ச் சேர சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அயனாவரம், சென்னை-23.