தங்கைக்கு வேண்டாம், அண்ணனுக்கு வேண்டும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. குரோன் என்ற நாள்பட்ட குடல் அழற்சி நோயுள்ள அந்தப் பையனுக்கு, நாட்2 ஜீனின் தாய்வழி, தந்தைவழி வந்த இரண்டு பிரதியிலும் மாறுபாடு இருப்பதாக ரிப்போர்ட் வந்திருக்கிறது, தங்கைக்கும் அதே பரிசோதனை எடுக்கலாமா என்று வீட்டார் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். வேண்டாம் என்பேன்.

நாட்2-க்கும் குரோனுக்கும் உள்ள தொடர்பு 2001-இல் வெளிவந்தது. பாக்டீரியா செல்சுவரின் ஒரு துணுக்கை செல்லுக்குள் மோப்பம் பிடிப்பதுதான் அந்தப் புரதத்தின் வேலை. பேர்போன மூன்று மாறுபாடுகளில் ஒன்றில், டிஎன்ஏ வரிசையில் சைட்டோசின் என்ற ஒரே ஒரு எழுத்து கூடுதலாக நுழைந்துவிடுகிறது. அங்கிருந்து வாசிப்பு தடம் புரண்டு, 1040 அமினோ அமிலம் நீளமிருக்க வேண்டிய புரதம் 1007-லேயே நின்றுபோகிறது. இந்த மாறுபாடுகள் உள்ளவர்களுக்கு நோய் பெரும்பாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதியைத்தான் பிடிக்கும். குடல் சுருங்கி அடைப்பதும் அதிகம். பையனின் ஸ்கேனைப் பார்க்கும்போது அதை மனதில் வை.

தங்கை விஷயத்துக்கு வருகிறேன். குரோன் அதிகமுள்ள நாடுகளிலேயே ஆயிரம் பேரில் இரண்டு மூன்று பேருக்குத்தான் அது இருக்கிறது. ஒரு பிரதியில் மாறுபாடு இருந்தால் ஆபத்து இரண்டு முதல் நான்கு மடங்கு. இரண்டிலும் இருந்தால் இருபது மடங்கு என்று வைத்துக்கொள். இருபது மடங்கு என்றதும் வீட்டார் ஆடிப்போவார்கள். பெருக்கிப் பார், நூற்றுக்கு நாலைந்து பேர்தான் வரும். மாறுபாடு இல்லை என்று வந்தாலும் நிம்மதியடைய முடியாது: இருநூறுக்கும் மேற்பட்ட மரபணு இடங்கள் இந்த நோயில் சம்பந்தப்பட்டவை. கிழக்காசிய நோயாளிகளிடம் நாட்2-இன் இந்த மூன்றும் ஏறக்குறைய கிடையாது, ஆனாலும் நோய் வருகிறது.

அவளுக்கு வயிற்றுப்போக்கு, எடை இழப்பு, ரத்தசோகை என்று ஏதாவது இருந்தால் மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற அழற்சியைக் காட்டும் புரதத்தின் அளவைப் பார். கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் குடல் அழற்சிக்கு வாய்ப்பு குறைவு. ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை சாப்பிட்டிருந்தால் அளவு பொய்யாக ஏறும், கேட்டுக்கொள். அறிகுறி இல்லையென்றால் புகைபிடிக்காதே என்று மட்டும் சொல்லி அனுப்பு.

மரபணுப் பரிசோதனை உண்மையில் தேவைப்படுவது பையனுக்குத்தான், அதுவும் வேறு ஜீன்களில். நோயெதிர்ப்பை அடக்கும் அசதயோப்ரின் மருந்தை ஆரம்பிக்கப்போவதாகச் சொன்னாயே, அதற்குமுன் அந்த மருந்தை உடலில் செயலிழக்கச் செய்யும் என்சைம்களுக்கான டிபிஎம்டி, என்யுடிடி15 ஜீன்கள் இரண்டையும் பார்த்துவிடு. டிபிஎம்டி மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துவது பலர் செய்யும் தவறு. ஆசியர்களிடம் என்யுடிடி15 மாறுபாடுதான் அதிகம். இரண்டு பிரதியும் பழுது என்றால் சில வாரங்களுக்குள் முடி கொட்டும், வெள்ளணுக்கள் சரிந்துவிடும். அவனுக்கு அந்த மருந்தே வேண்டாம். ஒரு பிரதி மட்டும் என்றால் குறைந்த அளவில் தொடங்கி, ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து ஏற்று. சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் டிபிஎம்டி என்சைம் அளவை நம்பாதே, கொடுத்தவரின் சிவப்பணுக்களைத்தான் அது அளக்கும். ஜீனையே பார்க்கச் சொல்.

இரண்டும் சுத்தமாக வந்தாலும் ரத்த எண்ணிக்கையை விட்டுவிடாதே: முதல் மாதம் வாரா வாரம், அடுத்த இரண்டு மாதம் மாதம் இருமுறை. வெள்ளணு குறைகிறவர்களில் பலருக்கு இந்த மாறுபாடுகள் எதுவும் இருப்பதில்லை. யாராவது யூரிக் அமிலத்துக்கு அலோபியூரினால் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்றும் பார், அது அசதயோப்ரினின் நச்சு விளைவை ஏற்றிவிடும்.

ரிப்போர்ட் வந்ததும் எழுது, டோஸ் பற்றிப் பேசுவோம்.

அன்புடன்,
ரவி