சர்க்கரைப் புத்தகத்தில் மறதிக்கும் ஒரு வரி வேண்டும்

எங்கள் பகுதி அரசு மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களுக்கும், சர்க்கரை - பிரஷர் பிரிவு மருத்துவர்களுக்கும்,

வணக்கம். பெங்களூரு ஸ்ரீராமபுரத்திலிருந்து எழுதுகிறேன். மாதாமாதம் விடியற்காலையில் வந்து உங்களிடம் டோக்கன் வாங்குகிற முதியவர்களில் என் அப்பாவும் ஒருவர். வயது 74. 11 வருடமாக வருகிறார். நீங்கள் கொடுத்த சர்க்கரைப் புத்தகத்தில் இப்போது ஓடுவது மூன்றாவது. சாப்பிடும் முன் எவ்வளவு, சாப்பிட்ட பின் எவ்வளவு, பிரஷர், எடை என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறது. ஞாபகசக்தி எப்படி இருக்கிறது என்று மூன்று புத்தகத்திலும் ஒரு வரி இல்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அப்பா இன்சுலின் போட்டுக்கொண்டார். நான் தண்ணீர் பிடிக்கக் கீழே போன நேரத்தில் மறுபடியும் போட்டுக்கொண்டிருக்கிறார். முதலில் போட்டது அவருக்கு நினைவே இல்லை. நான் குடத்தோடு மேலே வந்தபோது பனியன் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அதன்மேல் சட்டையை மாட்டி, பித்தான்களை ஒன்று தள்ளி ஒன்று போட்டுக்கொண்டு, நடுங்கும் கையால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். "அக்கா, மில்லுக்கு நேரமாச்சு" என்றார். நான் அவருடைய மகள். மில் வேலையை விட்டு எத்தனையோ வருடம் ஆகிறது. விரலைக் குத்திப் பார்த்தால் சர்க்கரை 42-க்கு இறங்கியிருந்தது, ஆபத்தான அளவு. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து மெல்ல மெல்லக் குடிக்க வைத்தேன். அன்று இரவு வரை மணிக்கொரு தரம் அந்த விரலைக் குத்திக்கொண்டே இருந்தேன்.

இதைச் சொல்லத்தான் அடுத்த முறை உங்களிடம் வந்தோம். "இத்தனை வருஷமா வர்றீங்க, ஊசி ஒழுங்கா போடத் தெரியாதா?" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி அதட்டினார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு "தப்புதாம்மா" என்றார். நோய் செய்ததற்கு என் அப்பா மன்னிப்புக் கேட்டார். அதை நின்று பார்த்த எனக்கு இன்னும் ஆறவில்லை. புத்தகத்தில் 'மருந்து சரியாக எடுப்பதில்லை' என்று எழுதினார்கள். மறதி இருக்கிறதே என்று நான் கேட்டதற்கு, "வயசானா வரத்தான் செய்யும்" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மருத்துவம் படித்தவர்கள் நீங்கள், உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப் போவதில்லை. உடல் எடையில் 2 சதவீதம் இருக்கிற மூளை, நாம் இழுக்கும் ஆக்ஸிஜனில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அதைக் கொண்டுபோகும் மயிரிழைக் குழாய்களைச் சர்க்கரையும் பிரஷரும் வருடக்கணக்கில் அரித்தால் மூளை மட்டும் தப்புமா? 2024-ல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையம், மாற்றக்கூடிய 14 காரணங்களைக் கவனித்தால் உலகில் மறதிநோயில் (டிமென்ஷியா) ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, உடல் பருமன், நடுவயதில் கெட்ட கொழுப்பு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இவற்றைத்தானே நீங்கள் மாதாமாதம் அளக்கிறீர்கள்! நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. உங்கள் வரிசையில் நிற்பவர்களோ சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்கள்.

அதனால் கேட்கிறேன். 60 வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் வருடத்தில் ஒரு தடவை, சர்க்கரைப் பிரிவிலேயே, ஞாபகத்தைச் சோதித்து அதே புத்தகத்தில் எழுதுங்கள்.

இதயப் பிரிவு ஒரு நாள், கண் ஒரு நாள், சர்க்கரை ஒரு நாள் என்று அலைகிறோம். அப்பாவுக்கு இதயத்துடிப்பு ஒழுங்கில்லை என்று 2 வருடம் முன்பே சொன்னார்கள். அந்தக் கோளாறு பக்கவாதத்தோடு மறதிநோய் அபாயத்தையும் கூட்டும் என்று எந்த அறையிலும் யாரும் சொல்லவில்லை. ஒரு அறையில் சொன்னதை இன்னொரு அறையில் போய்ச் சொல்கிற வேலை நோயாளியுடையதாம். மறதி வந்தவர் அதை எப்படிச் செய்வார்? மூளை, மனநல சிகிச்சைக்குப் பேர்போன நிமான்ஸ் மருத்துவமனை இருக்கிற ஊர் இது. பக்கவாதத்தையும் மறதிநோயையும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களே கண்டுகொள்ளப் பயிற்சி தரும் கர்நாடக மூளை நலத் திட்டம் 2022-ல் தொடங்கிய மாநிலம் இது. எங்கள் வரிசைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள் என்று கண்ணால் கண்டவள்தான் நான். ஆனாலும் நான் கேட்பது சில நிமிட வேலை. அவரவர் மொழியில் கேளுங்கள். அப்பா கன்னடம் நன்றாகப் பேசுவார், கணக்குப் போடுவது தமிழில்தான். மறதி தெரிந்தால் வீட்டு ஆள் ஒருவரையும் உள்ளே விடுங்கள். ஊசியின் எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். மறதிநோய் உள்ள முதியவருக்குச் சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்று வழிகாட்டுதல்களே சொல்கின்றன. சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது திரும்பத் திரும்ப வந்தால் மறதியும் கூடும் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

அடுத்த டோக்கனுக்கு அப்பாவோடு நானும் உள்ளே வருவேன். புத்தகத்தில் எடைக்குக் கீழே இடம் காலியாக இருக்கிறது. தயவுசெய்து அங்கே அவருடைய ஞாபகத்தைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள். 'மருந்து சரியாக எடுப்பதில்லை' என்ற வரியை அடித்துவிடுங்கள்.

பணிவுடன்,
ஒரு மகள்